கோலப்பபிள்ளை வீட்டு நாற்றம்

கரமனைப் பாலத்தைத் தாண்டி பஸ் நின்றது. இறங்கிச் சந்துக்குள் திரும்புவதற்கு முன்பே விஜயம் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"சார், விலாசம் எழுதி வாங்கினது வீண். மூக்கைத் தூக்கிண்டு நடந்தாலே அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்."

தாணுமாலயன் பதில் சொல்லவில்லை. போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டுப் பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடை மாடியில் துப்பறிவாளர் என்று போர்டு மாட்டிய நாளிலிருந்து, கேட்கிற கேள்விகளில் பாதிக்கு அவர் பதில் சொல்வதில்லை. மீதிப் பாதிக்கு விஜயமே பதில் சொல்லிவிடுவாள். டைப் அடிக்க வேலைக்கு வந்தவள்தான். மிஷினை விட அவள் வாய்தான் வேகமாக அடிக்கிறது என்பது அந்த மாடிக்கே தெரியும்.

மலையாள இடவ மாதத்து முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரக் காற்று அந்த நாற்றத்தை நகரவிடாமல் சந்துக்குள்ளேயே பிடித்து வைத்திருந்தது. நாக்கின் அடியில் ஏதோ கசிந்த மாதிரி விஜயத்துக்கு உமிழ்நீர் ஊறியது.

அடுத்த வீட்டு வேலிக்கு மேலே ஒரு அம்மாள் தலையை நீட்டினாள். சரசம்மா. முண்டின் நுனியால் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தியிருந்தாள்.

"நீங்க போலீஸோ? போலீஸெல்லாம் வந்து பார்த்துப் போயாச்சு கேட்டோ. பின்னாலே நாகர் காவிலே ஏதோ பூ பூத்திருக்காம். பூ! என்டெ பகவதியே, பூவுக்கு இப்படி ஒரு வாடை உண்டோ? பிள்ளைகளுக்கு ஒரு வாய் சோறு இறங்கல்லை."

"அந்த வீட்டு சொர்ணம்மாளைப் பார்த்தீங்களா?" என்றார் தாணுமாலயன்.

"எங்கே பார்க்கிறது? நல்ல குட்டியாக்கும். தினமும் வேலிக்கு வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போகும். ஊருக்குப் போயாச்சுன்னு அதோட அண்ணன் சொன்னான். சொல்லிக்காமப் போகாதே அது!"

அந்த சொர்ணம்மாளைத் தேடித்தான் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். முந்தின நாள் யோசுவா என்ற மனிதன் மாடியேறி வந்து அவர்கள் முன் உட்கார்ந்தான். அச்சாபீசில் எழுத்துக் கோர்ப்பவன், கிறிஸ்தவன். விரல் நுனியெல்லாம் மை. கோலப்பபிள்ளையின் நாட்டு மருந்துக்கடை லேபிள்களை அச்சடிக்கக் கொண்டுவருவது பிள்ளையின் விதவைத் தங்கை சொர்ணம்மாள். லேபிளில் தொடங்கிய பேச்சு கல்யாணத்தில் வந்து நின்றது. மதம் மாறாமலே ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதே என்று இருவரும் போய் நோட்டீஸ் கொடுத்தார்கள். நோட்டீசை ஆபீஸ் பலகையில் ஒட்டினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படித்துவிட்டுப் பிள்ளையிடம் போய்ச் சொன்னான். அன்றோடு சொர்ணம்மாள் யார் கண்ணிலும் படவில்லை; மூன்று வாரம் ஆகிறது.

"மனசு மாறி சுசீந்திரத்துக்குச் சித்தி வீட்டுக்குப் போயிட்டாளாம் சார்," என்று சொன்னான் யோசுவா. "நேத்து அந்தப் பக்கம் போனேன். ஒரு வாடை அடிச்சுது." மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுசீந்திரத்தில் இருந்த பழைய சிநேகிதருக்குத் தாணுமாலயன் தந்தி கொடுத்தார். அப்படி யாரும் இங்கே வரவில்லை என்று காலையில் பதில் வந்தது.

கோலப்பபிள்ளை முன்கூடத்தில் உட்கார்ந்து ரசவடை தின்றுகொண்டிருந்தார். நெற்றியில் சந்தனம், மார்பில் சந்தனம், மோவாயில் ரசம். அந்த நாற்றத்துக்கு நடுவே ஒருவர் வடையைப் பிய்த்து ரசத்தில் முக்கி வாயில் போடுவதை விஜயம் அதுவரை பார்த்ததில்லை. பிள்ளை விரலை ஒவ்வொன்றாகச் சப்பினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாரும், இரியும். அந்த வேதக்காரப் பய அனுப்பினானா? எடீ பொன்னம்மை, ரெண்டு பேருக்கும் வடை கொண்டா!"

"வடை வேண்டாம். உங்க தங்கச்சி சுசீந்திரத்துக்குப் போகல்ல," என்றார் தாணுமாலயன்.

"அப்பம் வேற எங்கயாவது போயிருப்பா. வீட்டை விட்டு இறங்கின பொம்பளை பின்னால நான் நடக்கவா?" பிள்ளை ஏப்பம் விட்டார். "நீர் எதுக்கு வந்தீருன்னு எனக்குத் தெரியும் வே. நாத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்கணும், அவ்வளவுதானே? போலீசுக்குக் காட்டினேன், உமக்கும் காட்டுதேன். எழும்பும்."

வீட்டுக்குப் பின்னால் கிணறு, அதை அடுத்து மருந்துச் சரக்கு அடுக்குகிற ஒரு கல் கட்டடம், அதற்கும் பின்னால் நாகர் காவு. தலைமுறையாக யாரும் வெட்டாத காடு. இந்தக் கடற்கரை நாடு முழுவதும் ஒரு காலத்தில் எப்படி இருந்ததோ, அதில் ஒரு துண்டை மட்டும் பாம்புக்குப் பயந்து மிச்சம் வைத்திருந்தார்கள். உள்ளே காலெடுத்து வைத்ததும் வெயில் நின்றுவிட்டது. மேலே மரங்கள் கூரை போட்டிருந்தன. கீழே, அந்த அரையிருட்டில் பிழைக்கத் தெரிந்த செடிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அகல இலைக் கூவை, முள் பிரம்பு, பாறையெல்லாம் பெரணி. பிள்ளை ஒவ்வொன்றாகக் காலால் சுட்டிப் பெயர் சொன்னார். தரையோடு தரையாக ஒற்றை இலையைப் பரப்பியிருந்த ஒரு சின்னச் செடியைக் காட்டி, "ஓரிலைத்தாமரை. கண்ணுக்கு நல்லது," என்றார். அடுத்த அடியில் அதை மிதித்துக்கொண்டே நடந்தார்.

"இந்தா, பாத்துக்கிடும். காட்டுச்சேனை."

தரையைப் பிளந்துகொண்டு ஒன்று நின்றது. சுருட்டி வைத்த மாட்டு நாக்கு மாதிரி, பழுப்பும் கருஞ்சிவப்புமாக, மேலெல்லாம் சொறி சொறியாக வெளுத்த புள்ளிகள்.

"இது பூவா? யார் தலையிலே வச்சுக்கறது இதை, பூதகியா?" என்றாள் விஜயம்.

"மருந்துக்கு ஆகும் குட்டி. ஆனா பூத்தா பிணம் மாதிரி நாறும். போலீஸ்காரன் நாலடி தள்ளி நின்னே பாத்துட்டு ஓடிட்டான்."

தாணுமாலயன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு விரலால் அந்த மடலைத் தொட்டுப் பார்த்தார். சுற்றியிருந்த மண்ணைக் கிளறினார். பக்கத்துக் கூவைச் செடிகள் இரண்டு ஒடிந்து வாடிக் கிடந்தன. அவர் எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தார்.

"பிள்ளைவாள், சேனைப்பூ விரிஞ்சாத்தான் நாறும். இது இன்னும் மொட்டு. மடலே பிரியல்ல."

மென்றுகொண்டிருந்த பிள்ளையின் வாய் நின்றது.

"மண்ணும் புது மண்ணு. வேற எங்கேயோ இருந்த கிழங்கைக் கொண்டுவந்து இங்க நட்டிருக்கு. எதை மறைக்க நட்டீங்க?"

விஜயம் தான் நிற்கிற இடத்தை விட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

அடுத்து நடந்ததுதான் அவள் எதிர்பாராதது. பிள்ளை சிரித்தார். தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"தோண்டும் வே! தாராளமாத் தோண்டும். எலே, மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துட்டு வா!"

வேலையாள் வந்தான். சேனைக் கிழங்கைப் பெயர்த்து ஓரமாக வைத்துவிட்டு வெட்ட ஆரம்பித்தான். வேர்கள் வந்தன, மண்புழு வந்தது, கறுப்பு மண் போய்ச் செம்மண் வந்தது. இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை நங்கென்று பாறையில் மோதியது. அதற்குக் கீழே பூமி உண்டான நாளிலிருந்து எவனும் கை வைக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. தாணுமாலயன் பக்கத்தில் வேறு இரண்டு இடங்களைக் காட்டினார். அங்கேயும் வேர், மண், பாறை. வேறு ஒன்றும் இல்லை.

"என் கூடப்பிறந்தவளைக் கொன்னு புதைச்சேன்னு நினைச்சீரோ?" பிள்ளை கீழுதட்டைப் பிதுக்கினார். "நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். நாகர் காவைத் தோண்டின பாவமும் உமக்குத்தான். போகும்போது மண்ணை மூடிட்டுப் போங்க."

தாணுமாலயன் கைமண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார். அவர் காதோரம் சிவந்திருந்தது. சாதாரணமாக இந்த மாதிரி நேரத்தில் விஜயம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள். இப்போது அவர் பின்னால் நடந்தாள்.

காவை விட்டு வெளியே வந்து கிணற்றடியை நெருங்கியபோது அது அவள் முகத்தில் அறைந்தது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக் குனிந்து ஓங்கரித்தாள். கைக்குட்டையைத் தேடினாள். மூக்கில் இல்லை, இடுப்பில் செருகியிருந்தது. எப்போது செருகினோம் என்று யோசித்தாள்.

காவுக்குள் போனதும் செருகியிருக்கிறாள். அத்தனை நேரம் பள்ளத்தின் விளிம்பில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள், மூக்கைப் பொத்தாமல்!

"சார், நில்லுங்கோ." அவள் நிமிர்ந்தாள். "அந்தப் பூ கிட்டே எனக்கு நன்னா மூச்சுவிட முடிஞ்சுது. இங்கே வந்தா முடியலே. நாம நாற்றத்தை விட்டுத் தள்ளிப் போய்த் தோண்டியிருக்கோம்."

தாணுமாலயன் திரும்பினார்.

விஜயம் கண்ணை மூடிக்கொண்டாள். பிடிக்காத காரியத்தைப் பிடித்த காரியம் மாதிரி செய்தாள். நன்றாக இழுத்து மோந்தாள். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்கு அவர் போகிறவரை எல்லாப் பணிவிடையும் செய்தவள் அவள். வேர்வையும் மூத்திரமும், மாற்றாத துணியும், ஆறாத புண்ணும் சேர்ந்தால் என்ன வாடை வரும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சார், இது செத்த வாடை இல்லே," என்றாள். "உயிரோட இருக்கிற வாடை."

கண்ணைத் திறந்தபோது எதிரே அந்தச் சரக்குக் கட்டடம். கதவில் உள்ளங்கையளவு பூட்டு. கதவுக்கு முன்னால் பிள்ளையின் மனைவி பொன்னம்மை தூபக்காலோடு நின்று சாம்பிராணிப் புகை போட்டுக்கொண்டிருந்தாள். கூரையடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல். அதன் கம்பிகளில் ஈ மொய்த்துக் கறுத்திருந்தது. காவில் அந்தப் பூவின் மேல் ஒரு ஈ கூட உட்கார்ந்திருக்கவில்லை என்பது விஜயத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, உள்ளே யாரு?"

"சரக்கு. மருந்துச் சரக்கு," என்றாள் பொன்னம்மை. தூபக்கால் அவள் கையில் சரிந்து, ஒரு கங்கு காலடியில் விழுந்தது. அவள் காலை நகர்த்தவில்லை.

பின்னால் பிள்ளை ஓடிவந்தார். "அங்க போகப்பிடாது! நஞ்சு மருந்தெல்லாம் கிடக்கு! வே, யாரு வீட்டுல யாரு கதவைத் திறக்கது?"

தாணுமாலயன் வேலையாளைப் பார்த்தார். கையை நீட்டினார். அவன் முதலாளியை ஒருதரம் பார்த்தான். கடப்பாரையை நீட்டினான். பூட்டில் ஒரு நெம்பு. கொண்டி மரத்தோடு பிய்ந்து வந்தது.

கதவு திறந்ததும் வேலையாள் கிணற்றுப் பக்கம் ஓடி வாந்தியெடுத்தான்.

உள்ளே மூட்டைகள். வேர், பட்டை, கிழங்கு என்று கூரை வரை மூட்டைகள். அவற்றுக்கு நடுவே ஒரு பாய் போடுகிற இடம். மூலையில் ஒரு வாளி. அதை யாரும் ஒருநாளும் வெளியே எடுத்துக் கொட்டவில்லை. கதவுக்கு அடியில் தள்ளிவிட்ட கஞ்சிக் கிண்ணங்களில் பூஞ்சணம் மயிர் மயிராக வளர்ந்திருந்தது. பாயில் ஒரு பெண் ஒருக்களித்துக் கிடந்தாள். வலது பாதம் வீங்கிப் பழுத்திருந்தது. கதவை உதைத்து உதைத்துக் கிழிந்த கால். சதையில் என்ன நெளிகிறது என்று பார்த்துவிட்டு விஜயம் பார்வையை அவள் முகத்துக்குக் கொண்டுபோனாள்.

"அவளுக்குப் பைத்தியம்!" வெளியிலிருந்து பிள்ளை கத்தினார். "குடும்ப மானம் போகக்கூடாதுன்னு உள்ள வச்சேன்! எவனாவது தங்கச்சியை வேதக்காரனுக்கு..." அதற்கு மேல் பேச முடியாமல் தோள்துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அத்தனையிலும் விஜயத்துக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான். இந்த வாடையைச் செய்து வைத்ததே இந்த ஆள். இதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றவன். இப்போது மூக்கைப் பொத்துகிறான்! அவள் உள்ளே போனாள். பாயருகே மண்டியிட்டு அந்தப் பெண்ணின் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாள். பஞ்சு மாதிரி கனமில்லாமல் வந்தது உடம்பு.

வெளிச்சம் பட்டதும் சொர்ணம்மாள் கண்ணைச் சுருக்கினாள். உதடு வெடித்திருந்தது. யார், என்ன என்று அவள் கேட்கவில்லை.

"ரிஜிஸ்தர் ஆபீஸ் இன்னைக்குத் தொறந்திருக்குமா?" என்றாள்.

தாணுமாலயன் அவள் பக்கம் குனிந்தார். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை அம்மா. நாளைக்குத் தொறக்கும்."

"கஞ்சியிலே ஏதோ பொடி கலக்கான். குடிச்சா தூக்கந்தான். அதனாலே சத்தம் போட முடியல்ல. ராத்திரி அந்த ஜன்னலுக்கு வந்து, அவர் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டார், நீயும் கையெழுத்துப் போடு, கதவைத் திறக்கேன்னு சொல்லுவான்." மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள். "நான் போடல்ல."

"அவர் எழுதிக் குடுக்கலே. எங்ககிட்ட வந்து உங்களைத் தேடச் சொன்னவரே அவர்தான்," என்றாள் விஜயம்.

சொர்ணம்மாள் தலையை மட்டும் அசைத்தாள். அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான் என்பது போலிருந்தது.

வேலையாளைப் போலீசுக்கு ஓடச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கார் கொண்டுவரும்படி சரசம்மாவிடம் வேலிக்கு மேலே குரல் கொடுத்தார் தாணுமாலயன். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துத் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார வைத்தார்.

"கடைக்குக் காட்டுல இருந்து வந்த மூட்டையில மொட்டு விட்ட கிழங்கு ஒண்ணு கிடந்துது, இல்லையா? அக்கம்பக்கம் முணுமுணுக்க ஆரம்பிச்சதும் கொண்டுவந்து நட்டீர். ரெண்டு நாளிலே விரிஞ்சு உண்மையாவே நாறும், அப்புறம் ஒருத்தரும் கேக்கமாட்டாங்கன்னு கணக்கு. தோண்டுன்னு சிரிச்சீரே, அப்பவே உம்ம மூஞ்சியைப் பாத்திருக்கணும். நான் மண்ணைப் பாத்துட்டு நின்னேன். விஜயம் இல்லேன்னா பஸ் ஏறியிருப்பேன்."

பிள்ளை துண்டை எடுக்காமல் ஏதோ முனகினார். அவர் பேசப் பேச, வடையின் வெங்காய வாடை துண்டையும் மீறி வந்தது.

வாசலில் ஆள் அரவம். சரசம்மா யோசுவாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாடியிலேயே இரு என்று சொல்லியும் கேளாமல் அவன் காலையிலிருந்தே சந்து முனையில் நின்றிருந்தானாம்.

"அவரை உள்ளே விடாதீங்க," என்றாள் சொர்ணம்மாள் சட்டென்று. அப்போதுதான் முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "குளிக்காம நான் அவர் முன்னால போகமாட்டேன்."

"கார் வரட்டும், ஆஸ்பத்திரியிலே..." என்று ஆரம்பித்த தாணுமாலயன், விஜயம் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். பிள்ளையைத் தள்ளிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார்.

விஜயம் சொர்ணம்மாளைக் கிணற்றடியில் உட்கார வைத்து, புண்பட்ட காலைத் தண்ணீர் படாமல் ஒரு முக்காலியில் தூக்கி வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைக் கிணற்றில் விட்டாள். முதல் வாளி கறுப்பாக ஓடியது. இரண்டாவதும் அப்படித்தான். தலைமுடி கயிறாகத் திரிந்து, பேன் விழுந்து, விரல் நுழையவில்லை.

பொன்னம்மை தயங்கித் தயங்கி வந்தாள். ஒரு கிண்ணத்தில் தலைக்குத் தேய்க்கிற செம்பருத்தித் தாளி கரைத்து எடுத்து வந்திருந்தாள். "நான் தேச்சு விடுதேன்," என்று குனிந்தாள்.

சொர்ணம்மாள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க வேண்டாம் மைனி." சத்தமில்லாமல்தான் சொன்னாள். "நான் உள்ளேருந்து உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நீங்க புகை போட்டுட்டு இருந்தீங்க."

பொன்னம்மை கிண்ணத்தைக் கல்லில் வைத்தாள். வைத்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

விஜயம் கிண்ணத்தை எடுத்துத் தாளியை வழித்து, அந்தச் சிக்குப் பிடித்த தலையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அழுக்கு அவள் முழங்கை வரை வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

சொர்ணம்மாள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு அருவருப்பா இல்லையா?"

"இருக்கு," என்றாள் விஜயம். வாளியை மறுபடி கிணற்றில் விட்டாள். இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தாள். "உங்க மேலே இல்லே. கண்ணை மூடிக்கோங்கோ, தண்ணி விடப்போறேன்."